என்னைத் தெரிகிறதா?

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் வங்கிகளில் ஓய்வூதியர் கூட்டம் பெருகிவிடும். இன்னார் இன்னும் உயிருடன் இருக்கிறார் என்பதற்கு ஆண்டுக்கு ஒருமுறை சான்று அளித்தாக வேண்டும். தவறினால் ஓய்வூதியம் நின்றுபோகும். 80 வயதைக் கடந்த மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே சான்று அளிக்கலாம் என்ற சலுகை உண்டு. ஆயினும் பழகிய மாதத்தை விட அவர்களுக்கு மனம் வருவதில்லை. ஐப்பசி அடைமழையில் குடையும் கையுமாக வந்துவிடுகிறார்கள்.

மயிலாடுதுறையில் ஒரு வங்கிக் கிளைக்கு அப்படி வந்தார் 96 வயது மூதாட்டி ஒருவர். ரயில்வேயில் பணிபுரிந்து மறைந்தவரின் மனைவி. குடும்ப ஓய்வூதியம் பெறுபவர். பேரனின் தோளைப் பற்றிக்கொண்டு படியேறி வந்தவரைக் கண்டதும் வரிசையில் நின்ற அனைவரும் விலகி, "நீங்க முன்னால போங்கம்மா" என்று வழிவிட்டனர். மூதாட்டி நகரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"இங்க எல்லாரும் என்னைய முன்னால விடுறீங்க. மேல இருக்கிறவன் அப்படி விடலியே! என்னைய ஓரமா நிக்க வச்சுட்டு எம் புள்ளைய முன்னால கூப்புட்டுக்கிட்டான்."

அதற்கு முந்தைய ஆண்டுகளிலெல்லாம் அவரை அழைத்து வந்தவர் அவருடைய மகன். 71 வயதில், தாய்க்கு முன்பாகவே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மூதாட்டி அழவில்லை, குறை சொல்வது போலவும் சொல்லவில்லை. ரயில் தாமதமாகிறது என்று ஒருவர் சொல்வதைப் போலச் சொன்னார். வழிவிட்டவர்கள்தாம் தலை குனிந்துகொண்டனர்.

கவுண்டரில் இருந்த இளம்பெண் அவருடைய விரலைக் கைரேகைக் கருவியின் மீது வைத்து அழுத்தினார். கருவி ஏற்கவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், மறு கை என்று மாற்றி மாற்றி வைத்தும் பயனில்லை. அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் சாம்பல் தொட்டுத் தேய்த்த பாத்திரங்களிலும் எண்பது ஆண்டுகள் உழைத்த விரல்களில் ரேகை எங்கே மிச்சமிருக்கும்? தேய்ந்து வழுவழுப்பாகிவிட்ட அந்த விரல்களைக் கருவியால் அடையாளம் காண இயலவில்லை. முதியவர் பலருக்கு இந்தச் சங்கடம் நேர்கிறது. கடைசியில் பழைய முறைப்படி படிவத்தை நிரப்பத் தொடங்கினார் அந்தப் பெண்.

அதற்குள் சுற்றியிருந்தவர்கள் வழக்கமான கேள்விகளைத் தொடுத்தனர். என்ன சாப்பிடுகிறீர்கள்? சர்க்கரை உண்டா? எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்? நெடுநாள் வாழ்ந்தவரைக் கண்டால் நம்மவர்கள் கேட்பது இவ்வளவுதான். அவரிடம் ஏதோ மருந்து ஒளிந்திருப்பதாகவும், அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்றும் ஓர் எண்ணம். "பழைய சோறுதான்" என்று அவர் சொன்னதும் எல்லோருக்கும் திருப்தியாகிவிட்டது. அவருடைய தங்கைகளும் அதே பழைய சோற்றைத்தான் உண்டார்கள். அவர்களில் ஒருவரும் இன்று இல்லை. அதை யாரும் கேட்கவில்லை.

அரசாங்கமும் வயதுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மத்திய அரசு ஓய்வூதியர்க்கு 80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதல். 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50. 100 நிறைந்தால் முழுதாக ஒரு மடங்கு. குடும்ப ஓய்வூதியத்திற்கும் இது பொருந்தும். சாஸ்திரத்தின் கணக்கு வேறு. ஒரு பூர்ணிமையிலிருந்து மறு பூர்ணிமை வரை 29.53 நாட்கள் என்று கொண்டால், ஆயிரம் பிறை காண 80 ஆண்டுகளும் ஏறத்தாழ 10 மாதங்களும் ஆகும். ஆயிரம் பிறை கண்டவருக்குச் சதாபிஷேகம். இந்த மூதாட்டி அதற்கு மேலும் நூற்றைம்பது பிறைகளுக்கு அதிகமாகக் கண்டவர். ஆனால் அவருக்குச் சதாபிஷேகம் நடைபெறவில்லை. கணவர் முன்பே மறைந்துவிட்டதால் அதைப் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை.

மகனின் சஷ்டியப்தபூர்த்தி திருக்கடையூரில் நடந்தது. அமிர்தகடேசுவரர் சந்நிதியில், மணையில் அமர்ந்த மகனுக்கும் மருமகளுக்கும் கலச நீர் வார்த்து, "நூறு வயசு இருக்கணும்" என்று மனமார வாழ்த்தியவர் அவர். மகன் போன பிறகு, காலில் விழுந்து வணங்குவோருக்கு அந்த வாழ்த்தை அவர் சொல்வதில்லை என்று பேரன் கூறினார். தலையில் கை வைப்பார். வாய் திறக்க மாட்டார்.

திருக்கடையூர் என்றதும் நினைவுக்கு வருபவர் மார்க்கண்டேயர். பதினாறு வயதில் பாசக்கயிற்றுக்குத் தப்பிய பாலகனாகத்தான் அவரைப் பலரும் அறிவர். அதன் பிறகு அவர் நெடுங்காலம் வாழ்ந்ததைப் பற்றி நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. மகாபாரதத்தின் வனபர்வத்தில் பாண்டவர்கள் அவரைக் காட்டில் சந்திக்கிறார்கள். "உம்மைவிட மூத்தவர் எவரேனும் உண்டோ?" என்று கேட்கிறார்கள். அப்போது அவர் இந்திரத்யும்னன் கதையைச் சொல்கிறார்.

இந்திரத்யும்னன் என்னும் ராஜரிஷி சொர்க்கத்திலிருந்து கீழே விழுந்துவிடுகிறான். பூமியில் அவன் புகழை நினைப்போர் எவரும் இல்லை என்பதே காரணம். அவன் மார்க்கண்டேயரிடம் வந்து, "என்னைத் தெரிகிறதா?" என்று கேட்கிறான். அவருக்குத் தெரியவில்லை. இமயத்தில் தம்மிலும் மூத்த கோட்டான் ஒன்று உண்டு என்கிறார் அவர். அரசன் குதிரையாகி, அவரைச் சுமந்துகொண்டு அங்கே போகிறான். கோட்டானுக்கும் தெரியவில்லை. அதைவிட மூத்த நாடீஜங்கன் என்னும் கொக்குக்கும் தெரியவில்லை. கொக்கு வாழும் ஏரியிலேயே அதனினும் மூத்த அகூபாரன் என்னும் ஆமை இருக்கிறது. அழைத்ததும் அது கரைக்கு வருகிறது. கேள்வியைக் கேட்டதும் அதன் கண்களில் நீர் நிறைகிறது, உடல் நடுங்குகிறது. "இவனைத் தெரியாமல் இருக்குமா? ஆயிரம் முறை வேள்வித் தூண் நட்டவன். இவன் தானமாகக் கொடுத்த பசுக்களின் குளம்படி பட்டுப் பள்ளமான இடமல்லவா இந்த ஏரி!" என்கிறது. அந்தக் கணமே இந்திரத்யும்னனுக்காக விண்ணிலிருந்து தேர் இறங்குகிறது.

ஆமை செய்த தவம் இன்னதென்று கதையில் இல்லை. அது என்ன உண்டது என்பதும் இல்லை. அது நினைவில் வைத்திருந்தது, அவ்வளவுதான்.

வங்கியிலும் அன்று அப்படி ஒன்று நிகழ்ந்தது. படிவம் நிரப்பிய பெண், ஓய்வூதியப் புத்தகத்தில் ஒட்டியிருந்த, மங்கிப்போன இருவர் படத்தைப் பார்த்து, "தாத்தா ரயில்வேயில என்ன வேலை பார்த்தாங்க, பாட்டி?" என்று கேட்டார். மூதாட்டியின் முகமே மாறிவிட்டது.

பாம்பன் பாலத்தில் வேலை என்றார். கப்பல் வரும்போது பாலத்தின் நடுப்பகுதியைக் கையால் சுழற்றித் தூக்கும் பணியாளர்களில் அவர் கணவரும் ஒருவர். பாம்பன் ரயில்வே குடியிருப்பில் அடுத்த வீட்டில் ஒரு பெண், 19 வயது, கையில் ஐந்து மாதக் குழந்தை. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியில் இருக்கும் தாய் வீட்டுக்குப் புறப்பட்டாள். குழந்தைக்கு வழியில் பால் புகட்ட வேண்டுமே என்று தம் பிள்ளைகளுக்குப் பால் புகட்டிய வெண்கலப் பாலாடையை எடுத்து அவளிடம் கொடுத்தார் இவர். "காத்து அடிக்குது, காலையில போயேன்" என்று ஒரு வார்த்தையும் சொன்னாராம். அழுத்திச் சொல்லவில்லை.

அந்த ரயிலைக் கடல் கொண்டது. அதில் சென்ற பயணிகள் ஒருவரும் பிழைக்கவில்லை. புயலில் சிதைந்த பாலம் 46 நாட்களில் சீராகி, மீண்டும் ரயில் ஓடியது. பாலாடை திரும்பவில்லை. "என் மாமியார் சாகுற வரைக்கும் அந்தப் பாலாடைய சொல்லிச் சொல்லித் திட்டுனாங்க" என்று மூதாட்டி சிரித்தார். பிறகு அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். குழந்தையின் பெயரையும் சொன்னார். பேரனே அதை முதன்முறையாகக் கேட்டார். அந்தப் பெண்ணின் பெற்றோர் இல்லை, கணவன் இல்லை, குடியிருப்பில் இருந்தவர்களும் இல்லை. அந்தத் தாயும் சேயும் இவ்வுலகில் இருந்த ஒரே இடம் அந்த 96 வயது நெஞ்சம்தான்.

பின்னால் நின்றவர்களின் வரிசை நீண்டுகொண்டே போயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

மறு ஆண்டு அவரால் படியேற இயலவில்லை. அந்த ஊழியரே வீடு தேடிச் சென்றார். கைரேகைக்குப் பதிலாக, முகத்தைக் காட்டியே சான்று பெறும் வசதி கைப்பேசியில் வந்துவிட்டிருந்தது. கூடத்தில் அபிராமி படத்தின் கீழ் நாற்காலி போட்டு மூதாட்டியை அமர்த்தினார்கள். கொள்ளுப்பேரன் அவர் மடியில் ஏறப் பார்த்தான். அவனை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

"கண்ணை மூடுங்க பாட்டி" என்றார் ஊழியர்.

"மூடுறேன். தொறக்கணுமா?"

"தொறக்கணும், தொறக்கணும்!"

மூடித் திறந்தார். கைப்பேசி அவரை அறிந்துகொண்டது. பேரன் பெருமூச்சு விட்டார். ஊழியர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது மூதாட்டி அவர் கையைப் பிடித்து மீண்டும் உட்கார வைத்தார்.

"பாலாடை வாங்கிட்டுப் போனாளே, அந்தப் புள்ள பேரு சொன்னேனே, நெனப்பிருக்கா?"

ஊழியர் அந்தப் பெயரைச் சொன்னார். குழந்தையின் பெயரையும் சொன்னார்.