ஒரு கிலோவின் விலை

தாமே சிறுவிமானம் கட்டுவோருக்கு ஒவ்வொரு கிலோவும் சோதனைதான். ஒரு கிலோ கூடினால் அதைச் சுமக்க எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளைச் சுமக்க மேலும் எரிபொருள். கலைப்பட்டதாரியான எனக்கே இக்கணக்கு இனிக்கிறது!

அமெரிக்காவின் மொஜாவேயில், ஒரு கொட்டகையில், ரூட்டன் சகோதரர்களும் ஜீனா யேகரும் தொண்டர்களோடு கட்டிய ‘வொயேஜர்’ விமானத்தைப் பாருங்கள். காபன் நாரும் தேன்கூடு போன்ற கடதாசி அடுக்கும் கொண்ட அதன் உடற்கட்டமைப்பு வெறும் 426 கிலோ. ஏற்றிய எரிபொருளோ 3,000 கிலோவுக்கும் அதிகம். 1986 டிசெம்பர் 14 இல் புறப்படும்போது அந்தப் பாரத்தால் இறக்கைகள் தொய்ந்து, நுனிகள் ஓடுபாதையில் உராய்ந்து சேதமடைந்தன. டிக் ரூட்டனும் ஜீனாவும் திரும்பவில்லை. ஒன்பது நாளில், இடையில் எரிபொருள் நிரப்பாமலே உலகைச் சுற்றி இறங்கியபோது எஞ்சியிருந்தது ஏறத்தாழ 48 கிலோ. உடற்கட்டமைப்பு இன்னும் நூறு கிலோ கூடியிருந்தால்? நீங்களே யோசியுங்கள்.