அப்பாவுக்கு வந்த சம்மன்

அப்பா அந்தக் கடிதத்தை நான்கு நாள் தொலைக்காட்சிப் பெட்டிக்கு அடியில் செருகி வைத்திருந்தார். சனிக்கிழமை நான் பீடோருக்குப் போனபோதும் உடனே எடுத்துக் காட்டவில்லை. தேநீர் கலக்கிக் கொடுத்து, கொய்யா வெட்டி வைத்து, பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கதையெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான், "இது என்னன்னு பாரும்மா" என்று நீட்டினார்.

சம்மன். சிவப்பு விளக்கில் நிற்காமல் போனதாகக் குற்றம். அபராதம் 300 ரிங்கிட். கார் எண் அப்பாவுடையது. பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி எல்லாம் சரி. ஒரு புதன்கிழமை, காலை மணி 9.52. இடம் மட்டும் பீடோர் இல்லை. காரில் ஒரு மணி நேரம் போக வேண்டிய ஒரு நகரம்.

ஊர் பெயரையும் இலாகா பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. தப்பு நடந்தது அங்கேதான். ஆனால் அதைத் திருத்த உதவிய பெண்ணும் அங்கேதான் வேலை செய்கிறார்.

கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு அப்பாவிடம் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அங்கே எதுக்குப்பா போனீங்க?"

"போனீங்களா?" என்று கேட்கவில்லை. "எதுக்குப் போனீங்க?" என்றுதான் கேட்டேன். இந்த வித்தியாசம் அன்று எனக்கு உறைக்கவில்லை.

அப்பாவுக்கு வயது 72. பள்ளிப் பேருந்து ஓட்டுநராக 31 வருடம் இருந்தவர். தோட்டத்துப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப் போய், மதியம் எண்ணிப் பார்த்து வீட்டு வாசலில் இறக்கி விட்டவர். அந்த 31 வருடத்தில் அவருக்கு வந்தது ஒரே ஒரு சம்மன். பேருந்தின் பிரேக் விளக்கு ஒன்று எரியவில்லை என்பதற்காக. அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், "பல்பு போனது முதலாளிக்குத் தெரியும், சம்மன் எனக்கு" என்று முடிப்பார். அதற்கு மேல் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத அளவுக்குச் சுத்தமான கணக்கு.

ஆனால் அம்மா போய் இரண்டு வருடத்தில் அப்பா கொஞ்சம் மாறியிருந்தார். ஒரு நாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். மூக்குக்கண்ணாடியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடினார். என் மகனை அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இதெல்லாம் எந்த வீட்டிலும் நடப்பதுதான். ஆனாலும் நானும் அண்ணனும் தொலைபேசியில் பேசும்போது இந்தப் பட்டியலை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டே வந்திருந்தோம். அந்தச் சம்மன் பட்டியலின் கடைசியில் வந்து சரியாக உட்கார்ந்துகொண்டது.

"நான் அங்கே போகலியேம்மா" என்றார் அப்பா.

"யோசிச்சுப் பாருங்க. புதன்கிழமை."

யோசித்தார். தனியாக இருக்கும் ஒரு மனிதருக்கு மூன்று வாரத்துக்கு முந்தைய ஒரு புதன்கிழமை எப்படி நினைவிருக்கும்? எனக்கே இல்லை. அம்மா இருந்திருந்தால் ஒரு வாய்ச்சொல்லில் முடிந்திருக்கும். எந்தக் கிழமை யார் வந்தார்கள், என்ன சமைத்தோம், எத்தனை மணிக்கு மழை பெய்தது என்று அம்மாதான் அந்த வீட்டுக்கு நாட்காட்டி. இப்போது அப்பா எங்கும் போகவில்லை என்று சொல்ல அப்பாவைத் தவிர வேறு ஆள் இல்லை.

ஜொகூரில் இருக்கும் அண்ணனை அழைத்தேன். "முன்னூறு வெள்ளிதானலா, கட்டி விடு. அதை விட முக்கியம், சாவியை வாங்கி வெச்சிக்கோ. ஒரு மணி நேரம் ஓட்டிட்டுப் போயி, சிவப்பு விளக்கைத் தாண்டி, வீட்டுக்கு வந்து அதையும் மறந்திருக்காருன்னா, அடுத்து என்ன?" என்றான். அவன் கோபத்தில் பேசவில்லை. பயத்தில் பேசினான். எனக்கும் அதே பயம்தான்.

ஞாயிறு காலை சாவியைக் கேட்டேன். அப்பா சண்டை போடுவார் என்று நினைத்து, சொல்ல வேண்டிய நியாயங்களை இரவெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். எதற்கும் வேலை இல்லை. அம்மா படத்துக்குப் பக்கத்து ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"கட்டிடும்மா. நான்தான் போயிருப்பேன். சும்மாவா எழுதுவாங்க?"

எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஒப்புக்கொண்டார், சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தேன். அவ்வளவு மோசமான மகளாக நான் இருந்தேன் என்பதை இப்போது எழுதும்போதுதான் பார்க்கிறேன்.

இதில் இன்னொரு வேடிக்கை. காப்புறுதி நிறுவனத்தில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது என் வேலை. படம் எங்கே, தேதி பொருந்துகிறதா, வண்டி அதே வண்டிதானா என்று முன்பின் தெரியாதவர்களைக் குடைந்து எடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தக் கடிதத்தில் படம் இல்லை. படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அரசாங்க முத்திரையோடு அச்சடித்து வந்த தாள். அப்பாவின் வாயை விட அது பெரிதாகத் தெரிந்தது.

கோலாலம்பூருக்குத் திரும்பும் முன், வழக்கம்போல அடுத்த வார மருந்துகளை டப்பாவில் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். மருந்துப் பையில் அப்பாவின் கிளினிக் புத்தகம் இருந்தது. நீரிழிவு நோயாளிகளுக்கு அரசாங்கக் கிளினிக்கில் கொடுக்கும் சிறிய புத்தகம். அடுத்த முறை எப்போது போக வேண்டும் என்று பார்ப்பதற்காகப் புரட்டினேன். கடைசியாக எழுதியிருந்த பக்கத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, எடை, தாதியின் கையெழுத்து, தேதி முத்திரை.

அந்தப் புதன்கிழமை.

அரசாங்கக் கிளினிக்கில் காலை 8 மணிக்கு எண் எடுத்தால், இரத்தம் கொடுத்து, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி வெளியே வர எத்தனை மணியாகும் என்று நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 9.52-க்கு அப்பா பீடோரில் நாற்காலியில் உட்கார்ந்து தன் எண் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். "அப்பா, நீங்க அன்னைக்குக் கிளினிக்ல இருந்தீங்க."

வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "ஆமா. கால் பரிசோதனை பண்ணாங்க. பக்கத்துல ஒரு சீனக் கிழவர் தூங்கிட்டாரு, அவரு நம்பரைக் கூப்பிட்டப்ப நான்தான் எழுப்பிவிட்டேன்" என்றார். ஒரு நூல் கிடைத்ததும் முழு நாளும் அவருக்குத் திரும்பி வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை விடுமுறை எடுத்துக்கொண்டு அவரை அழைத்துப் போனேன். தேய்த்த முழுக்கைச் சட்டை, காலணி, கையில் பிளாஸ்டிக் கோப்பு. அதற்குள் காரின் கிராண்ட், ஓட்டுநர் உரிமம், அடையாள அட்டையின் நகல், கிளினிக் புத்தகம், காரை நான்கு பக்கமும் பிடித்த படங்கள். போகும் வழியில் நான்தான் ஓட்டினேன். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அப்பாவின் வலது கால் தானாக அழுந்தியதைக் கவனித்தேன்.

முகப்பிடத்தில் இருந்தது ஓர் இளம் மலாய்ப் பெண். அப்பா தட்டுத்தடுமாறிப் பேசத் தொடங்கியதும், "பக்சிக், உட்காருங்கள்" என்று சொல்லிவிட்டுக் கணினியில் தேடினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "இனி புக்கான் கெரெத்தா பக்சிக்." இது உங்கள் கார் இல்லையே.

திரையில் ஒரு வெள்ளை மைவி. அப்பாவின் கார் கரும்பச்சை நிற புரோட்டோன் வீரா. 90-ஐத் தாண்டினால் கதவெல்லாம் நடுங்கும். எண்ணைப் பெரிதாக்கிக் காட்டினார். கோணலான, அலங்கார எழுத்தில் நெருக்கி ஒட்டிய நம்பர் பிளேட். சட்டப்படி அப்படி வைத்திருப்பதே குற்றம். அதிலிருந்த 3, பார்வைக்கு 8 போல இருந்தது. எங்கோ ஒரு கண் அதை 8 என்றே படித்துவிட்டது. அந்த 8 உள்ள எண் அப்பாவுடையது. காரின் வகையையும் நிறத்தையும் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

நம் நாட்டு வாகன எண்களின் வழக்கமான வரிசையில் 'ஐ', 'ஓ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்ப்பதில்லை. 1, 0 ஆகிய எண்களோடு குழம்பிவிடும் என்பதால். 3-ஐயும் 8-ஐயும் என்ன செய்வது?

நான் விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். அப்பா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இன்னொரு தடவை பெருசாக் காட்டச் சொல்லும்மா" என்றார். காட்டினார்கள். திரைக்கு அருகில் விரலைக் கொண்டு போய், "பாரு, பிரேக் விளக்கு எரியல. இவன் பிரேக்கே தொடல" என்றார். எனக்குச் சொன்னதா, அந்தப் பெண்ணுக்குச் சொன்னதா தெரியவில்லை. ஓட்டுநர் ஒருவர் இன்னொரு ஓட்டுநரைப் பற்றிச் சொன்ன மாதிரி இருந்தது.

சம்மன் ரத்தாக மூன்று வாரம் ஆனது. அதுவரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் இணையத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன். தீராத சம்மன் இருந்தால் சாலை வரி புதுப்பிக்க முடியாமல் போகலாம். அப்பாவுக்கு அந்தக் கவலை வேறு.

அலுவலகத்தில் சொன்னால் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். பாதிப் பேர், "கழிவு அறிவிப்பாங்க, அப்ப கட்டியிருக்கலாமே" என்கிறார்கள். கட்டினால் செய்ததாக ஆகிவிடும் என்று யாரும் நினைப்பதில்லை. உங்களுக்கு இப்படி வந்தால், முதலில் நிஜமான சம்மன்தானா என்று பாருங்கள். குறுஞ்செய்தியிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் இணைப்புகளைத் தொட வேண்டாம். போலீஸ் சம்மன் என்றால் மைபாயார் பிடிஆர்எம், சாலைப் போக்குவரத்து இலாகாவுடையது என்றால் மைஜேபிஜே செயலி, ஊராட்சி மன்றங்களின் கார் நிறுத்துமிட அபராதம் இவற்றுக்கு வெளியே தனி. பிறகு படத்தைக் கேளுங்கள். படத்தில் வேறு வண்டி இருந்தால் வேலை சுலபம். உங்கள் வண்டியைப் போலவே ஒன்று உங்கள் எண்ணோடு நின்றால் அது குளோன் கார். அன்றைக்கே போலீசில் புகார் செய்துவிடுங்கள், நாளை அது எதில் மாட்டும் என்று தெரியாது.

சாவியை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அப்பா, "பசிக்குது, சாப்பிட்டுப் போவோம்" என்றார். வழியில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டோம். பணத்தை அவர்தான் கட்டினார். வீட்டுக்கு ஓட்டியதும் அவர்தான். அண்ணனிடம் விவரம் சொன்னபோது நீண்ட நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "நானே அப்பாகிட்ட பேசுறேன்" என்றான். பேசினானா என்று நான் கேட்கவில்லை.

அப்பாவுக்கு மறதி இல்லை என்று சொல்ல மாட்டேன். மூக்குக்கண்ணாடியை இன்னும் தேடுகிறார். அதை டாக்டரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம்.

போன மாதம் பிள்ளைகளோடு போயிருந்தபோது சந்தைக்கு அவர் காரில் போனோம். சின்னவள் ஐஸ்கிரீமைச் சட்டையில் வழிய விட்டாள். துடைக்கக் காகிதம் தேடி முன் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு 555 நோட்டு, ரப்பர் வளையத்தில் மாட்டிய ஒரு பென்சில். கடைக் கடன் எழுத ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்ததே, அதே சிறிய நோட்டு. அப்பா காய்கறி வாங்க இறங்கிப் போயிருந்தார். பிரித்துப் பார்த்தேன்.

தேதி. 7.10 சந்தை. 7.55 வீடு. தேதி. 6.30 கோயில். 8.00 வீடு. தேதி. 7.40 கிளினிக். 11.20 வீடு. வரிசை தவறாமல், பேருந்துக் காலத்தில் பிள்ளைகளின் பெயரை எழுதிய அதே உருட்டிய கையெழுத்து. காரை எடுக்காத நாட்களையும் அவர் விட்டுவிடவில்லை. தேதி போட்டு, பக்கத்தில் எழுதியிருந்தார்: எங்கேயும் போகவில்லை.

நோட்டில் ஐந்தாறு பக்கங்கள்தான் மீதம் இருந்தன. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, எதிரில் இருந்த மளிகைக் கடையில் இன்னொன்று வாங்கி வந்து அதன் அடியில் வைத்தேன்.