அந்தப் பொத்தானை நான்தான் அடைத்தேன்

2020 ஏப்ரல் மாதம். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கிள்ளானில் எங்கள் வீட்டின் பின்னறையில், துணி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மேசையைப் போட்டு, அதையே ஒலிபரப்புக் கூடம் ஆக்கியிருந்தேன். எதிரொலி கேட்காமல் இருக்கச் சுற்றிலும் அம்மாவின் பழைய சேலைகள். காஞ்சிபுரத்தை மட்டும் தரமாட்டேன் என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

மேசையில் ஒரு ஒலிவாங்கி, ஒரு பழைய மடிக்கணினி. அந்த மடிக்கணினியின் உலாவியில் மூன்று சன்னல்கள் எப்போதும் திறந்திருக்கும். ஒன்று என் குரலை நிலையத்துக்குக் கொண்டுபோகும். இன்னொன்றில் நேயர்கள் அனுப்பிய குரல்பதிவுகள் வரிசையாக நிற்கும். ஒன்றைத் தட்டினால் பச்சை நிறத்தில் ஒலியலை ஓட, பதிவு நேரடியாக வானலையில் போகும். மூன்றாவதில் எங்கள் தயாரிப்பாளரின் முகம்.

அன்று காலை வந்த பதிவுகளில் ஒன்றை அனுப்பியவர் சிங்கப்பூரில் தாதியாக வேலை செய்யும் பெண். அவருடைய அப்பா முதல் நாள் இரவு குளுவாங்கில் காலமாகிவிட்டார். எல்லை மூடியிருந்தது. குளுவாங் என்ன, காரில் இரண்டு மணி நேரத் தொலைவுகூட இல்லை. ஆனால் அன்றைக்கு அது வேறு கண்டம். அப்பாவிடம் பேச நினைத்ததை 47 விநாடிகளில் பேசி அனுப்பியிருந்தார். "அம்மா உங்க நிகழ்ச்சியத்தான் தினமும் கேப்பாங்க. பத்து மணிக்கு எடுக்கிறாங்க. அதுக்கு முன்னாடி போட முடியுமா அக்கா?" என்று கீழே ஒரு குறிப்பு.

ஒன்பதே காலுக்குப் போட்டேன். முதல் பத்து விநாடி சரியாக வந்தது. பிறகு குரல் உடையத் தொடங்கியது. ஒரு சொல் பாதியில் அறுந்து, ஒரு கணம் மௌனம், மறுபடி பாதிச் சொல். "அப்பா" என்ற சொல் மூன்று துண்டாக வந்தது. மடிக்கணினியின் விசிறி ஆகாய விமானம் போல இரைந்தது. திரையில் அந்தப் பச்சை அலை நகரவில்லை; தத்தித் தத்திக் குதித்தது. தயாரிப்பாளரின் முகம் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றது. நிறுத்துவதா, விடுவதா? ஒருவருடைய இறுதி வார்த்தைகளை நடுவில் வெட்டி "தொழில்நுட்பக் கோளாறு" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விட்டுவிட்டேன். 47 விநாடி அவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் இணையச் சேவையைத்தான் திட்டினேன். நம் வீடுகளில் எது நடந்தாலும் முதல் குற்றவாளி அதுதானே. எங்கள் பொறியாளர் அண்ணன் தொலைபேசியில் பொறுமையாகக் கேட்டார். நாடாப் பதிவுக் காலத்திலிருந்தே ஒலியோடு வாழ்கிறவர்.

"லைன் நல்லாத்தான் இருந்துச்சு. நான் இங்க பாத்துக்கிட்டுதான் இருந்தேன். சத்தம் உன் மெஷின விட்டு வெளிய வரும்போதே உடஞ்சு வருது. பிரவுசர்ல எதயாச்சும் மாத்துனியா?"

மாற்றியிருந்தேன். இரண்டு வாரங்களுக்கு முன்பு, காணொளிச் சன்னலில் அடிக்கடி கறுப்புக் கட்டங்கள் மின்னி மறைந்தன. இணையத்தில் தேடினால் எல்லாரும் ஒரே வைத்தியம் சொன்னார்கள்: அமைப்புகளுக்குப் போய் 'ஹார்ட்வேர் அக்சலரேஷன்' என்ற பொத்தானை அடைத்துவிடு. அடைத்தேன், மின்னல் நின்றது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, சக அறிவிப்பாளர்கள் இரண்டு பேருக்கும் அதையே சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அந்தப் பொத்தான் என்னதான் செய்கிறது என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தேன். ஊடகவியல் பட்டம் வாங்கியவள் நான். காட்சித் தொடர்பு என்று ஒரு முழுப் பாடமே எழுதியிருக்கிறேன். ஆனால் திரையில் தெரிகிற எழுத்தையும் படத்தையும் கணினிக்குள் யார் வரைகிறார்கள் என்ற கேள்வி மட்டும் வந்ததே இல்லை.

தீபாவளிக்கு முன் நம் பேரங்காடிகளில் போடுவார்களே, வண்ண அரிசிக் கோலம், அதை நினைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வேலைக்காக அந்த இடங்களில் மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன். வடிவத்தைத் தீர்மானிப்பவர் ஒரே ஒரு அக்கா. எந்த வளைவு எங்கே போக வேண்டும், எந்தக் கட்டத்துக்கு எந்த நிறம், அரிசி தீர்ந்தால் என்ன செய்வது, எல்லாம் அவர் தலையில். அவர்தான் சிபியு, மையச் செயலி. கெட்டிக்காரர், எந்த வேலையையும் செய்வார். ஆனால் அவருக்கு இருப்பது இரண்டு கை. வரைகலைச் சில்லு, அதாவது ஜிபியு, சுற்றிலும் உட்கார்ந்திருக்கும் நூறு பிள்ளைகள். தனித்தனியாக யாருக்கும் பெரிய திறமை வேண்டாம். 'உன் கட்டத்தில் சிவப்பை நிரப்பு' என்றால் நிரப்புவார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில். ஒரு கட்டத்தின் நிறம் பக்கத்துக் கட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால்தான் இது முடிகிறது.

சாதாரண முழு எச்டி திரையில் 1920க்கு 1080, அதாவது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். அசைவு கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு தெரிய வேண்டுமானால் பெரும்பாலான திரைகளில் விநாடிக்கு 60 முறை படம் புதிதாக வர வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடி. திரை முழுவதும் அசைந்தால் விநாடிக்கு 12 கோடிப் புள்ளிகளுக்கு மேல் நிரப்ப வேண்டும். பொத்தானை அடைத்தபோது நான் செய்தது, நூறு பிள்ளைகளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அத்தனை அரிசியையும் அந்த அக்காவின் கையில் கொடுத்ததுதான்.

அதோடு முடிந்திருந்தால் படம் மட்டும் தத்தியிருக்கும். ஒலி ஏன் உடைந்தது? அந்த அக்காவுக்கு வேறு வேலையும் இருந்தது. ஒலியைச் சிறு சிறு துண்டாக நறுக்கி, சுருக்கி, அனுப்புவதும் அவர்தான். விநாடிக்கு 48,000 மாதிரிகள். 256 மாதிரிகளை ஒரு துண்டாக எடுத்தால், ஒவ்வொரு துண்டுக்கும் ஐந்து மில்லிவிநாடி சொச்சம்தான் தவணை. படம் ஒரு கணம் தாமதித்தால் கண் மன்னித்துவிடும். காது மன்னிக்காது. துண்டு நேரத்துக்கு வராவிட்டால் அந்த இடத்தில் வெறுமை. போதாக்குறைக்கு அந்தப் பொத்தானை அடைத்தால், உலாவியில் காணொளியைப் பிரித்துக் காட்டும் வேலையும் மையச் செயலியின் தலையிலேயே விழுகிறது. வழக்கமாக நானும் தயாரிப்பாளரும் படத்தை அணைத்துவிட்டுப் பேசுவோம். அன்று அவர் கைச்சாடை காட்ட வசதியாகப் படத்தைத் திறந்து வைத்திருந்தார். கூடவே அந்தப் பச்சை அலை, விநாடிக்குப் பல முறை புதிதாக வரையப்பட்டுக்கொண்டு. இரண்டே உட்கருக்கள் கொண்ட என் பழைய செயலி என்னதான் செய்யும்?

இதெல்லாம் விளையாட்டுப் பிரியர்கள் வாங்கும் விலையுயர்ந்த அட்டைகளின் சமாச்சாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் மடிக்கணினியில் தனி அட்டை எதுவும் இல்லை. பல சாதாரண மடிக்கணினிகளில் வரைகலைப் பகுதி அதே செயலிச் சில்லுக்குள்ளேயே ஒரு மூலையில் இருக்கிறது. நூறு பிள்ளைகளும் வீட்டிலேயே இருந்திருக்கிறார்கள். நான்தான் கூப்பிடவில்லை.

இன்று நம் கையில் இருக்கும் பெரும்பாலான திரைகள் இப்படிப் பிள்ளைகளை நம்பித்தான் ஓடுகின்றன. ஆப்பிள் 2002இல் மேக் கணினிகளின் சன்னல்களை ஒன்று சேர்க்கும் வேலையை வரைகலைச் சில்லுக்குக் கொடுத்தது. விண்டோஸ் விஸ்டா 2007இல் கண்ணாடி போல் மின்னும் சன்னல்களோடு கடைக்கு வந்தபோது அதே காரியத்தைச் செய்தது. ஆண்ட்ராய்டு கொஞ்சம் தாமதம். அதன் தொடக்கப் பதிப்புகளில் செயலிகளின் உள்ளடக்கத்தை மையச் செயலியே வரைந்தது. 2011இல் வந்த 3.0 பதிப்பில்தான் வன்பொருள் வழி திறந்தது. அடுத்த ஆண்டு 4.1 பதிப்பில் அசைவுகளை வழுவழுப்பாக்கும் முயற்சிக்கு அவர்கள் வைத்த பெயர் 'புராஜெக்ட் பட்டர்'. வெண்ணெய்! பொறியாளர்களுக்கும் ரசனை இருக்கிறது. அம்மாவின் முதல் திறன்பேசியில் தொடர்புப் பட்டியலைத் தள்ளினால் பெயர்கள் ஏன் முக்கி முனகி நகர்ந்தன என்பது எனக்குப் பத்து வருடம் கழித்துப் புரிந்தது. விரல் எண்ணெய்யாக இருக்கிறது, துடைத்துவிட்டுத் தள்ளுங்கள் என்று அம்மாவை எத்தனை முறை கடிந்திருப்பேன்!

ஆனாலும் அந்த அக்காவைக் குறைத்துச் சொல்லிவிடக் கூடாது. வாசலில் நாலு புள்ளிக் கோலம் போட நூறு பிள்ளைகளைக் கூப்பிட்டு, வரிசையில் நிறுத்தி, அரிசி பங்கிட்டு முடிப்பதற்குள் அக்கா போட்டு முடித்து உள்ளே போய்த் தேநீரே குடித்திருப்பார். திரையில் ஒரு சின்ன மூலை மட்டும் மாறினால் மையச் செயலி அந்த மூலையை மட்டும் வரைந்துவிட்டுப் போகும். எழுத்துகளும் பெரும்பாலும் அதன் கைவேலைதான். நம் 'கொ'வையே பாருங்கள். ஒற்றைக்கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் ககரம். எது எங்கே உட்கார வேண்டும் என்று பார்த்து அடுக்குவது கூட்டமாகச் செய்யும் வேலை அல்ல. யோசித்துச் செய்யும் வேலை. வழக்கமாக மையச் செயலி அடுக்கி, எழுத்தின் வடிவத்தை ஒரு முறை வரைந்து வைத்துக்கொள்ளும். நீங்கள் திரையைத் தள்ளும்போது அந்தப் படத்தை நகர்த்துவது மட்டும் வரைகலைச் சில்லின் பொறுப்பு.

தவிர, பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பும் ஆள் சரியில்லை என்றால் கோலமே அலங்கோலம். அந்த ஆளுக்குக் கணினி உலகில் 'டிரைவர்' என்று பெயர். என் திரையில் மின்னிய கறுப்புக் கட்டங்களுக்குக் காரணம் மூன்று வருடமாகப் புதுப்பிக்காத அந்த டிரைவர்தான். அண்ணன் சொன்னபடி அதைப் புதுப்பித்து, பொத்தானை மறுபடி திறந்தேன். மின்னலும் இல்லை, இரைச்சலும் இல்லை. கால் மணி நேர வேலை.

மறு ஆண்டு நிலையத்திலேயே இதற்கு நேர் எதிரான கதை நடந்தது. புத்தம்புதுக் கணினி, வேகத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் சில நிமிடங்களுக்கு ஒரு முறை பாட்டின் நடுவே 'டிக்' என்று ஒரு சத்தம். அண்ணன் ஒரு வாரம் துழாவிக் கண்டுபிடித்தார். வரைகலை டிரைவர் அவ்வப்போது மையச் செயலியைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஒலியை வாசலில் காக்க வைத்திருக்கிறது. அங்கே ஒலிபரப்பு மென்பொருளில் அந்தப் பொத்தானை அடைத்தார், சத்தம் போனது. "அப்போ என்னை மட்டும் அன்னிக்கு ஏசுனீங்க?" என்றேன். "நீ எதுக்குன்னு தெரியாம அடச்ச. நான் அளந்து பாத்துட்டு அடச்சேன்" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

பிள்ளைகளின் இணைய வகுப்பில் மடிக்கணினி திணறுகிறது, புதிது வாங்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தால், கடைக்குப் போகுமுன் உலாவியின் அமைப்புகளைத் திறந்து, 'சிஸ்டம்' பகுதியில் இந்தப் பொத்தான் எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். என்னைப் போன்ற யாராவது ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

ஒன்று பாக்கி இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து அந்தத் தாதிக்கு அழைத்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும், கோளாறு என்னுடையதுதான் என்று சொல்ல வேண்டும், முழுப் பதிவையும் அவர் அம்மாவுக்கு அனுப்பி வைக்கவா என்று கேட்க வேண்டும். என்ன பேசுவது என்று எழுதி வைத்துக்கொண்டுதான் அழைத்தேன். தினமும் பேசிப் பிழைப்பவளுக்கு அன்று அது தேவைப்பட்டது.

அவர் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அக்கா, நான் அழக்கூடாதுன்னு நாலஞ்சு தடவ பேசிப் பேசி ரெக்கார்ட் பண்ணுனேன். அழாமத்தான் அனுப்புனேன். ஆனா அம்மா என்ன நெனச்சிக்கிட்டு இருக்காங்க தெரியுமா? நான் தேம்பித் தேம்பி அழுது பேசுனேன்னு. வர்றவங்ககிட்ட எல்லாம் அதத்தான் சொல்றாங்களாம். எம்மவ வர முடியலன்னாலும் அப்பாவுக்காக ரேடியோவுல அப்படி அழுதா, ஊரே கேட்டுச்சுன்னு."

நான் என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்தேன்.

"நல்ல காப்பிய எனக்கு மட்டும் அனுப்புங்க அக்கா. அம்மாவுக்கு வேணாம்."

அன்றிரவே அவருக்கு அனுப்பினேன். 47 விநாடி, ஒரு துண்டுகூட உடையாமல்.