மூடுண்ட அறிவும் காந்தச் சுருளும்

‘மஜ்னூன்’ என்னும் அரபுச் சொல்லைப் பித்தன் எனப் பெயர்த்துவிட்டு நாம் அமைந்துவிடுகிறோம். அதன் வேரை நோக்குங்கால் வேறொரு பொருள் புலனாகும். ஜீம், நூன், நூன் என்னும் மூவெழுத்து வேருக்கு மறைத்தல், மூடுதல் என்பது பொருள். கண்ணுக்கு மறைந்திருப்பது ஜின். தாய் வயிற்றில் மறைந்திருக்கும் சிசு ஜனீன். மரநிழலால் மூடுண்ட சோலை ஜன்னத். அவ்வாறே அறிவு மூடப்பட்டவன் மஜ்னூன். மூடப்பட்டது அழிந்துபோனதன்று.

இவ்வேறுபாட்டை மறந்ததன் விலையைத் தமிழகம் கண்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்பியோட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துள்ளது.

மண்டையோடும் ஒரு மூடியே. அதைத் திறவாமல் உள்ளிருக்கும் மூளையைத் தொட மருத்துவர் நெடுங்காலம் முயன்றனர். முதல் நூற்றாண்டில் ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கு மின்னதிர்ச்சி தரும் திருக்கை மீனை உயிருடன் தலையில் வைக்கச் சொன்னார். அத்தகைய மீனை அரபியர் ‘ரஅ்ஆதா’ என்பர். இடியைக் குறிக்கும் ‘ரஅ்து’ என்ற சொல்லுக்கும் அதுவே வேர். மாறும் காந்தப்புலம் மின்சாரத்தைத் தோற்றுவிக்கும் என 1831இல் மைக்கேல் ஃபாரடே காட்டினார். அக்கொள்கையைக் கொண்டு 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அந்தோணி பார்க்கர் குழுவினர், தலைமேல் கம்பிச் சுருளை வைத்து மூளையைத் தூண்டிக் கையை அசையச் செய்தனர். கத்தியில்லை; மயக்க மருந்துமில்லை. காந்தத் துடிப்புகளை நாள்தோறும் சில வாரங்கள் அளிக்கும் சிகிச்சையை, மருந்துக்கு இணங்காத மனச்சோர்வுக்கென 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஏற்றது.

இன்னொரு முறையும் உண்டு. உப்புநீரில் நனைத்த பஞ்சுறைகளைத் தலையில் வைத்து 1 அல்லது 2 மில்லியாம்பியர் அளவே மின்னோட்டம் செலுத்துவர். மனச்சிதைவு நோயாளரின் காதில் ஓயாது ஒலிக்கும் குரல்களை இதனால் தணிக்க இயலுமா எனப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் ஆராய்ந்துள்ளனர். உலகெங்கும் நடந்த சோதனைகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. சிலர் தேறினர், சிலர் தேறவில்லை. தலைக்குள் உலோகம் உள்ளவர்க்குக் காந்தச் சிகிச்சை ஆகாது. வலிப்பு வந்தவர்க்கு மிகுந்த எச்சரிக்கை வேண்டும். மருந்தைத் தள்ளிவிட்டுக் கைக்கொள்ளும் குறுக்குவழியும் அன்று இது.

ஆரணியை அடுத்த எங்கள் திருமலையில், குரல்கள் கேட்கும் மகனை உடைய தாய் ஒருத்தி, “ஹஜ்ரத், ஒரு தாயத்து எழுதிக் கொடுங்கள்” என்று வந்தார். துஆச் செய்தேன். பிறகு, “பாவில் இழை அறுந்தால் தறியையா கட்டிப் போடுகிறீர்கள்? அறுந்த இழையைத் தேடிப் பிணைக்கிறீர்கள் அல்லவா? இவனுக்கும் அப்படித் தேடத் தெரிந்தவரிடம் போங்கள் அம்மா” என்றேன். பட்டு நெய்யும் வீட்டாருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. மகன் இப்பொழுது அரசு மருத்துவமனையில் மாத்திரை பெறுகிறான். காந்தச் சுருள் அவனுக்கு வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

மருந்து தேடுவது நமது மார்க்கத்துக்கு அந்நியமன்று. ஸஹீஹுல் புகாரியில் மருத்துவத்துக்கென்றே தனிப் பகுதி உண்டு. ஓதிப் பார்க்க விரும்புவோர் ஓதிப் பார்க்கட்டும். ஆனால் அதே வாரத்தில் மனநல மருத்துவரிடமும் அழைத்துச் செல்லட்டும். அயலார் அறிந்துவிடுவர் என்றஞ்சிப் பிள்ளையை உள்ளறையில் பூட்டி வைப்பது, ஏற்கெனவே மூடுண்ட அறிவின்மீது இன்னொரு மூடியை நம் கையாலேயே இடுவதாகும்.