மூக்கைத் திறந்து குடிப்பது

தமிழ்நாட்டில் பிராந்தி விற்கும் கடைக்கு ‘ஒயின்ஷாப்’ என்று பெயர். 2003-இல் சில்லறை விற்பனையை அரசே டாஸ்மாக் வழியாக எடுத்துக்கொண்ட பிறகும் மக்கள் வாயிலிருந்து அந்தப் பெயர் போகவில்லை. ஆனால் தெருமுனைக் கடையில் போய் ஒயின் கேட்டுப் பாருங்கள், விற்பவர் ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார். நாங்கள் கேட்டால் இரண்டு முறை பார்ப்பார். எங்கள் நால்வரில் இருவர் பெண்கள்.

சில ஆண்டுகளாக மாதம் ஒரு பாட்டில் ஒயின் வாங்கி நாங்கள் பகிர்ந்து குடிக்கிறோம். நால்வரும் சேரியில் பிறந்தவர்கள், களப்பணி செய்பவர்கள். இதைப் பற்றி எழுதப்போகிறோம் என்றதும் ஒரு தோழர், “சேரின்னாலே குடின்னு பேசுறவனுக்கு நீங்களே எடுத்துக் கொடுக்குறீங்களே” என்றார். அவருக்குப் பதிலாகவும் இதை எழுதுகிறோம்.

எங்கள் அப்பாக்கள், சித்தப்பாக்கள் எதற்குக் குடித்தார்கள்? மலக்குழிக்குள் இறங்குகிறவருக்கு முதலில் கையில் கொடுக்கப்படுவது கையுறை இல்லை, ஒரு குவார்ட்டர். மூக்கு மரத்துப்போனால்தான் இறங்க முடியும். அழுகிய பிணத்தைத் தூக்குகிறவருக்கும் அதேதான். சாவு வீட்டில் விடிய விடியப் பறை அடிப்பவருக்குக் கூலியோடு ஒரு பாட்டிலைக் கொடுத்துக் கணக்கை முடிப்பதும் நமக்குத் தெரிந்த வழக்கம். மனிதர் மலம் அள்ளுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. ஆனால் சாவு நிற்கவில்லை, குவார்ட்டரும் நிற்கவில்லை. நம் ஆட்களுக்கு மது ஒரு மயக்க மருந்தாகவே வந்து சேர்ந்தது. நாற்றம் தெரியாமல் இருக்கக் குடித்தார்கள்.

ஒயினை முதலில் முகர வேண்டும். பெங்களூரில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தபோது விடுதி அறையில் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி மூக்கருகே கொண்டுபோனோம். நாசிக்கில் தயாரான சுலா செனின் பிளாங்க், வெள்ளை ஒயின். கொய்யா வாசனை வந்தது, பின்னால் லேசாக மாங்காய்ப் புளிப்பு. ‘எங்க வீட்டுப் பின்னாடி கொய்யாமரம்’ என்று ஒருத்தி சொன்னாள். நாங்கள் மதுவைக் கையில் வைத்துக்கொண்டு வாசனை பற்றி அரைமணி நேரம் பேசியது அதுவே முதல்முறை.

அப்புறம் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டோம். வெள்ளை ஒயினுக்குப் பெரும்பாலும் சாறு மட்டும் புளிக்கிறது, சிவப்பு ஒயினுக்குத் தோலோடும் கொட்டையோடும் சேர்ந்து புளிக்கிறது. நாக்கை இழுத்துப் பிடிக்கிற அந்தத் துவர்ப்பு தோலிலும் கொட்டையிலும் உள்ள டானினால் வருவது. கடுந்தேநீரிலும் மாதுளைத் தோலிலும் இருப்பதே அது. கறியின் புரதத்தோடும் கொழுப்போடும் சேர்ந்தால் துவர்ப்பு அடங்கிவிடும். அதனால்தான் ஷிராஸ் என்னும் சிவப்பு ஒயினுக்கு மாட்டுக்கறி வறுவல் அத்தனை பொருத்தம். மிளகாய்க் காரத்தைத் துவர்ப்பும் ஆல்கஹாலும் கூட்டிவிடும். ஆகவே காரமான மீன்குழம்போடு நன்றாகக் குளிர்ந்த, கொஞ்சம் இனிப்புள்ள வெள்ளை ஒயின்தான் சரி. மிச்சம் இருந்தால் மூடி ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் குடித்துவிட வேண்டும்.

பாட்டில்களின் பின்புறம் எழுதியிருக்கும் பழங்கள் பலவற்றை நாங்கள் கண்ணால் கண்டதில்லை. பிளாக் கரன்ட் என்றால் என்ன வாசனை? எங்களுக்கு நாவல்பழம் தெரியும், இலந்தை தெரியும், பழம்புளி தெரியும், மழை விழுந்த செம்மண் தெரியும். இப்போது அந்தச் சொற்களில்தான் பேசிக்கொள்கிறோம். ருசி என்பது பிறவி வரம் இல்லை, வர்க்கம் தன்னை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும் கருவி என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979-இல் ஒரு பெரிய நூலே எழுதினார். முதுகலை வகுப்பில் அதைத் தேர்வுக்காகப் படித்தோம். உப்புக்கண்டத்தோடு எந்த ஒயின் சேரும் என்று நாங்களே தீர்ப்பு சொன்ன நாளில்தான் அது உறைத்தது.

ஆனால் இந்தக் கோப்பைக்குள்ளும் நம் கதை இருக்கிறது. செனின் பிளாங்க் அதிகம் விளைவது தென்னாப்பிரிக்காவில். அங்கே மேற்கு கேப் பகுதித் திராட்சைப் பண்ணைகளில் ‘டாப்’ என்று ஒரு முறை இருந்தது. அடிமைகளின், பூர்வகுடிகளின் வழிவந்த கூலிகளுக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியை மட்டமான ஒயினாகவே, ஒரே நாளில் பலமுறை ஊற்றிக் கொடுப்பார்கள். சட்டம் தடுத்த பிறகும் 1990-கள் வரை பல பண்ணைகளில் அது நீடித்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாகப் பிறக்கும் இடங்களில் ஒன்றாக இன்றும் அந்தப் பகுதி இருக்கிறது. அங்கே டாப், இங்கே குவார்ட்டர்.

தமிழ்நாட்டிலும் ஒயினுக்கு ஒரு சாதி வரலாறு உண்டு. தேவாலயத்தில் எல்லோரும் ஒரே கிண்ணத்தில் வாய் வைத்துப் பருக வேண்டும் என்றபோது ஆதிக்கசாதிக் கிறிஸ்தவர்கள் மறுத்தார்கள். திருவிருந்தில் தாங்கள் முதலில் பருகிய பிறகே மற்றவர்கள் என்றார்கள். 1833-இல் ஆங்கிலிகன் பேராயர் டேனியல் வில்சன், உட்காரும் இடத்திலும் திருவிருந்திலும் சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். டீக்கடை இரட்டைக் குவளைக்கு முன்பே ஒயின் கிண்ணத்துக்காக நம் முன்னோர் போராடியிருக்கிறார்கள். நாங்கள் நால்வரும் ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிக்கொள்வது எங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

தோழரின் கேள்விக்கு வருவோம். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பாபாசாகேப் அளித்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. அதை ஏற்று வாழ்கிற தோழர்கள் எங்கள் வட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நாங்கள் வாதாடுவதில்லை. டாஸ்மாக் கடையை மூடச் சொல்லி ரோட்டில் உட்காரும் சேரிப் பெண்களோடு நாங்களும் உட்கார்ந்திருக்கிறோம், இனியும் உட்காருவோம். அதே சமயம், 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் மதுவிலக்குப் பிரிவு வந்தபோது, அரிசி மது ஆதிவாசிகளின் வாழ்வோடும் சடங்குகளோடும் பிணைந்தது என்று எழுந்து பேசினார் ஜெய்பால் சிங் முண்டா. ஒடுக்கப்பட்டவர் குடிக்கலாமா கூடாதா என்பதை வேறு யாரோ முடிவு செய்வதை அவர் ஏற்கவில்லை. இந்த இரண்டு குரல்களும் நம்முடையவை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அடக்க நாங்கள் தயாரில்லை.

உடம்புக்குச் சாதி தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். 12 சதவீத ஒயின் 150 மில்லியில் 18 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. 42.8 சதவீத பிராந்தி ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், சுமார் 77 மில்லி. நாலு கிளாஸ் ஒயினுக்கும் மேல். ஆனால் ஒயின் என்பதற்காக அது மருந்தாகிவிடாது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. அவன் குடித்தால் ரசனை, நாம் குடித்தால் கேடு என்ற பேச்சும் பொய், ஒயின் உடம்புக்கு நல்லது என்ற பேச்சும் பொய்.

எனவே எங்களுக்கென்று சில வழக்கங்கள் வைத்திருக்கிறோம். மாதம் ஒரு பாட்டில், நாலு பேர். சாப்பாடு இல்லாமல் குடிப்பதில்லை. துக்கத்துக்குக் குடிப்பதில்லை. களத்துக்குப் போகும் நாளில் தொடுவதில்லை. யாரையும் ‘சும்மா ஒரு வாய்’ என்று கூப்பிடுவதில்லை. உறுதிமொழி எடுத்த தோழர் எங்களோடு உட்காரும்போது அவருக்குக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைச் சாறு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற திராட்சை அது. சாறு ஒயினைவிட வாசனையாக இருக்கிறது என்று அவர் எங்களைக் கிண்டல் செய்வார். பல நாள் அவர் சொல்வது உண்மைதான்.

இன்பம் நமக்கான விஷயம் இல்லை என்றுதான் இந்தச் சமூகம் பழக்கி வைத்திருக்கிறது. நம்மைப் பற்றிய அறிக்கைகளில் கூலி வரும், வன்கொடுமை வரும், ‘போதைப் பழக்கம்’ வரும், ருசி வராது. நாங்களே அப்படிப்பட்ட அறிக்கைகளை எழுதுகிறவர்கள், தெரிந்துதான் சொல்கிறோம். ஒரு வேலை முடிந்த மாலையில், அவசரமில்லாமல், இது கொய்யாவா மாங்காயா என்று சண்டை போட்டுக்கொள்ளும் உரிமையும் உரிமைதான். அந்த உரிமை இன்று மலக்குழி ஓரம் நிற்கும் அண்ணனுக்கு இல்லை. அவர் கையில் குவார்ட்டரைத் திணிக்கிற ஒப்பந்தக்காரரிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பாட்டில் வேண்டாம், இயந்திரத்தைக் கொண்டுவா.