அம்மாவின் கரி அடுப்பு

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன் (கயத்தாறுங்க, 1799ல் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டாங்களே, அதே ஊர்). வழியில் ஆசையா சீலாக் கருவாடு வாங்கிட்டுப் போனா, கொல்லையில் கரி அடுப்பு கவுந்து கிடக்கு. உள்ளே கரி நிற்கிற வார்ப்பிரும்புத் தட்டு ரெண்டா பிளந்திருந்தது. "கேஸ்ல சுட்டா வீடே நாறும்யா. அதான் கருவாடே வாங்குறதில்ல" என்றார் அம்மா. ஒரு வருஷமாவாம்! போனில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

புது அடுப்பு அறுநூறு ரூபாய். தங்கமணி தீர்ப்பு உடனே வந்தது: "பழைய இரும்புக்குப் போட்டுட்டு கரண்ட் கிரில் வாங்குங்க."

நான் ஸ்க்ரூ டிரைவரால் அடித்தகட்டைக் குத்திப் பார்த்தேன். துரு உதிர்ந்ததே தவிர ஓட்டை விழலை. தகடு போயிருந்தா அடுப்பே முடிஞ்சது. தட்டு மட்டும் போனா மாத்திக்கலாம்.

தூக்கிட்டு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். "வார்ப்பிரும்பை ஒட்டினாலும் சூட்டுல பக்கத்துலயே விரியும் அண்ணாச்சி" என்றார் பட்டறைக்காரர். சரி, வீட்டில் கிடந்த ஜிஐ தண்ணிக்குழாயை வெட்டி வைக்கலாமேன்னேன் (சிக்கனம்!). முறைச்சார். அதில் துத்தநாகப் பூச்சு இருக்காம். நெருப்பில் அது வெள்ளைப் புகையா கிளம்பும், இழுத்தா காய்ச்சல் வரும்னு சொல்லி குழாயை ஓரமா வீசிட்டார். கடைசியில் 10 எம்எம் கம்பியை வெட்டி வரிசையா வெல்டு வச்சுக் கொடுத்தார். நூத்தியெண்பது ரூபாய்.

உள்பக்க மண்பூச்சு பாக்கி. எங்க பக்கத்துக் கரிசல் காய்ஞ்சா வெடிச்சிடும். புற்றுமண் தேடி எடுத்து, உமி கலந்து, அம்மாவே உட்கார்ந்து பூசினார்.

"எனக்கப்புறம் இதை யாருய்யா மூட்டப் போறா? வீண் செலவு."

கை மட்டும் நிற்கலை. எனக்குத்தான் பதில் வரலை. பூச்சு காய மூணு நாள் ஆகும்னாங்க, லீவை ஒரு நாள் நீட்டிச்சேன்.

கிளம்புற அன்னைக்குக் காலையில் விளாத்திகுளம் பக்கத்துச் சீமைக்கருவேலங்கரியைப் போட்டு மூட்டினோம். கம்பிவலையில் கருவாடு பொரியற வாசம் மூணு வீடு தாண்டியிருக்கும். தங்கமணி மூக்கைப் பொத்திக்கிட்டே ரெண்டு துண்டு காலி பண்ணினது தனிக்கதை :-)

அம்மா அடியில் குனிஞ்சு சாம்பலைக் கிளறிப் பார்த்தார்.

"ஏய்யா, இடைவெளி ஜாஸ்தி. பொடிக்கரி பூரா கீழ விழுது. அடுத்த தடவை வரும்போது இன்னும் ரெண்டு கம்பி வைக்கச் சொல்லு."