கார்ட்டில் கிடக்கும் கார்டு

ஏப்ரல் மாசத்திலிருந்து என் போனில் ஒரு டேப் மூடப்படாமலே கிடக்கிறது. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 16 ஜிபி, ரெண்டு ஃபேன் மாடல். காலையில் பல் தேய்க்கும்போது ஒரு ரெஃப்ரெஷ், ராத்திரி தூங்கும் முன் ஒரு ரெஃப்ரெஷ். விலை முந்நூறு ரூபாய் இறங்கினால் எனக்கே இன்க்ரிமென்ட் வந்த மாதிரி சந்தோஷம். ஐநூறு ஏறினால் அன்றைக்கு முழுக்க மூட் அவுட். எங்கள் வீட்டில் தங்கம் விலையை அம்மா இப்படித்தான் பார்ப்பார். வாங்கவும் மாட்டார், பார்க்காமல் இருக்கவும் மாட்டார். அந்த ஜீன் எனக்கும் வந்துவிட்டது போல.

வாங்கலாமா வேண்டாமா என்று நாலு மாசம் யோசித்த கதைதான் இது. ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ் மீடியம், அதனால் தமிழ் அங்கங்கே தடுக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இப்போது இருக்கும் மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2021 தொடக்கத்தில் வாங்கியது. பதினொன்றாம் வகுப்பு பாதிக்கு மேல் ஆன்லைனில் ஓடிக்கொண்டிருந்த நேரம். "க்ளாஸுக்கு கம்ப்யூட்டர் வேணும்ப்பா" என்று சொல்லி வாங்க வைத்தேன். செலவைக் குறைப்பதாக நினைத்து ஐ3 10100 எஃப் ப்ராசசரைத் தேர்ந்தெடுத்தேன். அந்தக் கடைசி 'எஃப்' இருக்கிறதே, அதற்கு அர்த்தம், ப்ராசசருக்குள் கிராஃபிக்ஸ் கிடையாது என்பது. தனியாக கார்டு போடாவிட்டால் திரையில் ஒரு எழுத்துகூட வராது. தெரிந்தேதான் அதை எடுத்தேன். அப்போதுதானே கார்டு 'கட்டாயம்' ஆகும்! பதினாறு வயதில் எனக்கு இருந்த புத்திசாலித்தனம் இப்போது இல்லை.

ஆனால் நேரம் சரியில்லை. உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு. அது போதாதென்று ஈதரியம் மைனிங் செய்பவர்கள் கடைகளைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். ஜிடிஎக்ஸ் 1650 என்பது 2019 ஏப்ரலில் 149 டாலருக்கு வெளியான சின்னக் கார்டு. 4 ஜிபி மெமரி, 75 வாட், தனியாகப் பவர் கேபிள்கூட வேண்டாம். அதன் 4 ஜிபியில் ஈதர் மைனிங்கே செய்ய முடியாத நிலை அப்போதே வந்துவிட்டது. இருந்தும், பெரிய கார்டு கிடைக்காதவர்கள் எல்லாம் சின்னதைத் தேடி வந்ததில் அதன் விலையும் ஏறிவிட்டது. காந்திபுரம் பக்கம் ஒரு கடையில் அப்பா 24,000 எண்ணிக் கொடுத்தார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல சுத்தறது இந்த ஒத்தை ஃபேன் மட்டுந்தானா?" என்று கேட்டார். ஆமாங்ப்பா என்றேன்.

அந்த ஒத்தை ஃபேன்தான் நாலரை வருஷமாக ஓடுகிறது. ஜிடிஏ 5, வேலரன்ட், எல்டன் ரிங் எல்லாம் அதில்தான். எல்டன் ரிங்கை லோ செட்டிங்கில் முடித்தேன். பாஸ் அடிப்பதற்கும் ஃப்ரேம் விழுவதற்கும் வித்தியாசம் தெரியாமலே பல தடவை செத்தேன். சைபர்பங்க் 2077 இப்போது கொஞ்சம் ஓடுகிறது என்றால் அதற்குக் காரணம் எஃப்எஸ்ஆர். படத்தைச் சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் அந்த வித்தையைச் செய்தது ஏஎம்டி. என்விடியாவின் சொந்த டிஎல்எஸ்எஸ் இந்தக் கார்டில் வேலை செய்யாது, அதற்கு வேண்டிய டென்சர் கோர் இதில் இல்லை. சொந்தக்காரன் கைவிட்ட கார்டைப் பக்கத்து வீட்டுக்காரன் காப்பாற்றுகிறான்.

இத்தனை நாள் ஸ்லோவாக ஓடியது. ஸ்லோ எனக்குப் பழகிவிட்டது. ஆனால் 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே மாசம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் வேறு ரகம். ரே ட்ரேசிங் ஹார்டுவேர் இருந்தே ஆக வேண்டும். லோ செட்டிங், சின்ன ரெசல்யூஷன், எதுவும் செல்லாது. வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அப்போதுதான் எனக்குள் ஏதோ உடைந்தது. டேப் திறந்தது அதற்கு முன்னாடியே, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

சரி, கணக்குக்கு வருகிறேன். எக்செல் ஷீட் போட்டேன். செமஸ்டர் மார்க்குக்குக்கூட நான் எக்செல் போட்டதில்லை.

5060 டிஐ 2025 ஏப்ரலில் ரெண்டு வகையாக வந்தது. 8 ஜிபி 379 டாலர், 16 ஜிபி 429 டாலர். பெயர் ஒன்று, சிப் ஒன்று, மெமரி மட்டும் வேறு. ஐம்பது டாலர் மிச்சம் பிடிக்கலாமே என்றுதான் முதலில் 8 ஜிபியைப் பார்த்தேன். அங்கேதான் என் மதர்போர்டு குறுக்கே வந்தது. இந்தக் கார்டு கம்ப்யூட்டரோடு பேசுவது எட்டே லேன்களில். ஐந்தாம் தலைமுறை பிசிஐ ஸ்லாட் இருந்தால் எட்டு லேன் தாராளம். என் போர்டு மூன்றாம் தலைமுறை. ஒவ்வொரு தலைமுறைக்கும் வேகம் இரட்டிப்பாகும், அதனால் எனக்குக் கிடைப்பது கால்வாசி. கேமுக்கு வேண்டியதெல்லாம் கார்டின் மெமரிக்குள்ளேயே அடங்கிவிட்டால் இது பெரிதாகத் தெரியாது. அடங்காமல் வழிந்து மெயின் ரேமிலிருந்து எடுத்து வர ஆரம்பித்தால் அந்தக் குறுகலான ரோட்டில் டிராஃபிக் ஜாம். ஆக, பழைய மெஷின் வைத்திருப்பவனுக்குத்தான் விலை கூடின மாடல் தேவைப்படுகிறது. ஏழைக்குத்தான் எல்லாச் செலவும் வரும் என்று பாட்டி சொல்வார், அது பிசிஐ ஸ்லாட்டுக்கும் பொருந்துகிறது.

அடுத்தது பவர் சப்ளை. கார்டு 180 வாட் இழுக்கும், 600 வாட் சப்ளை வேண்டும் என்கிறார்கள். என்னிடம் இருப்பது 450. அதை மாற்ற ஐயாயிரம். அடுத்தது மானிட்டர். என்னுடையது 60 ஹெர்ட்ஸ், ஒரு செகண்டில் அறுபது படத்துக்கு மேல் காட்டத் தெரியாது. கார்டு நூற்றிருபது வரைந்து கொடுத்தாலும் பாதி வீண்தான்.

2025-ல் எல்லோரும் பேசிய மல்டி ஃப்ரேம் ஜெனரேஷன் எனக்கு இங்கேதான் காமெடியாகிவிட்டது. 2025 ஜனவரியில் லாஸ் வேகஸ் மேடையில் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் 5070 கார்டு பழைய 4090 அளவுக்கு ஓடும் என்று சொன்னபோது நானும் கை தட்டினேன். அந்தக் கணக்கில் பெரும்பங்கு ஏஐ வரைந்த ஃப்ரேம்களுக்கு என்பது பிறகுதான் மண்டையில் ஏறியது. ஒரு நிஜ ஃப்ரேம், அதற்கு நடுவில் மூன்று வரை ஏஐ செருகுவது, அதுதான் 2025-ல் இருந்த கணக்கு. என் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் நாலு மடங்கு போட்டால் அதில் பதினைந்துதான் நிஜம். மௌஸை அசைத்தால் கேம் பதில் சொல்வது அந்தப் பதினைந்தின் வேகத்தில்தான். பெரிய மானிட்டர் இருப்பவனுக்கு அது நல்ல வசதி, சந்தேகமே இல்லை. எனக்கு அது அடுத்தவன் வீட்டு ஏசி.

நாலு கோர் ப்ராசசர் இந்தக் கார்டுக்கு ஈடு கொடுக்குமா என்பது தனிக் கேள்வி. ப்ராசசரை மாற்றினால் போர்டு, போர்டை மாற்றினால் ரேம். கடைசியில் பழசாக மிஞ்சுவது கேபினெட்டும் அதன் மேல் ஒட்டிய ஸ்டிக்கரும் மட்டும்தான். "கேபினெட் நல்லாத்தான் மச்சி இருக்கு, அதை மாத்தாத" என்று க்ளாஸ்மேட் ஒருத்தன் ஆறுதல் சொன்னான்.

எல்லாவற்றையும் ஒதுக்கி, கார்டும் பவர் சப்ளையும் மட்டும் என்று முடிவு பண்ணினேன். கார்டு 48,500, சப்ளை 5,000. மொத்தம் 53,500. கையில் இருந்தது சம்மர் இன்டர்ன்ஷிப்பின் ரெண்டு மாச ஸ்டைபண்ட் 30,000, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேர்ந்தது 6,000. குறைவது 17,500.

அதற்குத்தான் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் இருக்கிறதே. எங்கள் டீம் ப்ராஜெக்ட், இலையின் ஃபோட்டோவைப் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பது. ஆமாம், நாங்களும் அதேதான், சிரிக்க வேண்டாம். டீப் லேர்னிங், கூடா கோர், மாடல் ட்ரெய்னிங் என்று நாலு வார்த்தையை அப்பாவிடம் சொன்னேன். உண்மை என்னவென்றால், கூகுள் கோலாப்பில் இலவசமாகக் கிடைக்கும் டி4 கார்டிலேயே 16 ஜிபி மெமரி இருக்கிறது. எங்கள் மாடல் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அதில் ட்ரெய்ன் ஆகிவிடும். அப்பாவுக்கு கோலாப் தெரியாது. "எவ்வளவு கண்ணு கொறையுது? நான் போட்டுத் தர்றேன், சனிக்கிழமை பட்டறைக்கு வா" என்றார். ரொம்ப ஈஸியாக முடிந்துவிட்டது.

அப்பாவுக்குக் கணபதியில் சின்ன லேத் பட்டறை. பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க். சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரோடு போனேன். அப்பா சக்கில் ஒரு ஷாஃப்டைப் பிடித்து, கையால் மெதுவாகச் சுற்றி, டயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது. சக்கின் தாடைகள் தேய்ந்துவிட்டால் பிடித்தது நேராகச் சுற்றாது, லேசாக ஆடும். அப்பா கூல்டிரிங்க்ஸ் டின்னை வெட்டி வைத்திருந்த மெல்லிய தகட்டை ஒரு தாடைக்கு அடியில் சொருகி, மறுபடி இறுக்கி, மறுபடி டயலைப் பார்த்தார். ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் இதே கூத்து. நான் நின்றுகொண்டிருந்த நேரத்தில் நாலு ஷாஃப்ட் பார்த்தேன்.

"சக்கை மாத்தறேன்னு சொல்லிட்டிருந்தீங்களேப்பா?"

"மாத்தோணும். அடுத்த மாசம் பாத்துக்கலாம். உன்ற ப்ராஜெக்ட் மொதல்ல முடியட்டும்."

விலை எவ்வளவு என்று கேட்டேன். பதினெட்டுச் சொச்சம் என்றார்.

எக்செல் ஷீட்டில் 'குறைவது' என்று சிவப்பு கலர் அடித்து வைத்திருந்த கட்டம் அப்படியே கண் முன்னால் வந்தது. அதற்கு ஆங்கிலத்தில் ஒரு ஹெடிங்கூட வைத்திருந்தேன்: அப்பா ஃபண்ட். சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து வைத்தேன். ரசத்தை ஊற்றினேன். அப்புறம் சொல்லிவிட்டேன்.

"அப்பா, அது ப்ராஜெக்டுக்கு இல்லீங்ப்பா. கேமுக்கு."

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"மொதல்ல வாங்குனதும் அதுக்குத்தானே. க்ளாஸு உன்ற போன்லயே ஓடிட்டிருந்துச்சு. கம்ப்யூட்டர்ல நீ காரு ஓட்டிட்டிருந்தே."

"பின்னே ஏம்ப்பா வாங்கித் தந்தீங்க?"

"வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தே. ஒரு வருசம். யாருகிட்டயும் பேசாம." அவ்வளவுதான். மோர் கேட்டார்.

அந்த வருஷம் எனக்கு எப்படி இருந்தது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அவர்தான் மறுபடி ஆரம்பித்தார். இப்போது இருப்பது ரிப்பேரா? இல்லை. அப்புறம் எதற்குப் புதுசு? ரே ட்ரேசிங்கைத் தமிழில் விளக்க முயன்றேன். வெளிச்சம் எங்கிருந்து வருது, எதில் பட்டு எங்கே தெறிக்குது என்று கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகக் கணக்குப் போடும்ப்பா, தண்ணியில் நிழல் நிஜம் மாதிரி விழும் என்றேன். "தண்ணியில நெழல் விழறதுக்கு அம்பதாயிரமா?" என்று சிரித்தார். வேலை செய்யும் தம்பியும் சிரித்தான். அப்புறம் அப்பா சரியான கேள்வியைக் கேட்டார்: "இதை மாட்டுனா மத்ததெல்லாம் தாங்குமா?"

பவர் சப்ளை, மானிட்டர், ப்ராசசர், ஸ்லாட் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நாலு மாச யூடியூப் அறிவு மொத்தமும் கொட்டினேன். அப்பா தன் லேத்தைக் காட்டி, "இதுல பெரிய மோட்டாரை மட்டும் மாட்டுன கதையா இருக்கும். பெட்டு அதிரும், வேலை ஒண்ணும் ஓடாது" என்றார். பத்து விமர்சகர்களின் கிராஃப் சொல்லாததை லேத் ஒரே வரியில் சொல்லிவிட்டது. கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது.

அப்பா பணத்தை நான் வாங்கவில்லை. என் முப்பதாயிரத்திலிருந்து சக்குக்குத் தருகிறேன் என்றேன். "உங்காசு உங்கிட்டயே இருக்கட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த வாரம் அவரே போய் வாங்கி மாட்டிவிட்டார். டயல் முள் இப்போது அசைவதே இல்லை என்று வீட்டில் மூன்று நாள் அதே பேச்சு. புது கார்டு வாங்கினவன் எஃப்பிஎஸ் சொல்வது போலவே சொன்னார்.

நான் வாங்கியது ஒரு 8 ஜிபி ரேம் ஸ்டிக். இத்தனை வருஷமும் ஒரே ஸ்டிக்கில் ஓட்டியிருக்கிறேன், டூயல் சேனல் ஆகவே இல்லை. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. சைபர்பங்க்கில் கார் ஓட்டும்போது திக்கித் திக்கி நின்றது இப்போது ரொம்பக் குறைந்துவிட்டது. அதோடு இன்னொரு விஷயமும் பார்த்தேன். ஸ்டீமில் அந்தக் கேமில் என் கணக்கு மொத்தம் பதினோரு மணி நேரம். அதே கேமை வெவ்வேறு கார்டுகளில் ஓட்டிக் காட்டும் வீடியோக்களை நான் பார்த்தது அதைவிட ரொம்ப அதிகம். கதை எங்கே போகிறது என்றே எனக்குத் தெரியாது. ஆனால் எந்தத் தெருவில் ஃப்ரேம் விழும் என்று தெரியும்.

இப்போது கதையை விளையாடிக்கொண்டிருக்கிறேன், லோ செட்டிங்கில். நன்றாகவே இருக்கிறது. டூம் இன்னும் திறக்காது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது, பொய் சொல்ல மாட்டேன். ப்ளேஸ்மென்ட் வந்து முதல் மூன்று மாசச் சம்பளம் கைக்கு வந்தால் போர்டிலிருந்து ஆரம்பித்து மொத்தமாகவே மாற்றிவிடுவதாகத் திட்டம். அதற்கும் எக்செல் ஷீட் தயார். அப்பா ஃபண்ட் என்ற கட்டத்தை மட்டும் அழித்துவிட்டேன்.

டேப்பை மூடவில்லை. நேற்று ராத்திரி பார்த்தபோது ஆயிரத்து இருநூறு குறைந்திருந்தது.